நிமிராத முகத்துக்கு ஒரு கேமரா

காணாமல் போனவர், தன் படம் ஒட்டியிருந்த சுவரின் அடியிலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் சுவரொட்டியைக் காட்டி, "பெரியவரே, இவரை எங்கேயாவது பாத்தீங்களா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார். அவர் கண்ணைச் சுருக்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "இல்லையே. பாத்தா சொல்றேன்" என்றிருக்கிறார்.

படத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெளிச்சம் சீராக விழுந்திருந்தது. காதுகள் இரண்டும் தெரிந்தன. எடுத்தவர் ஸ்டாம்ப்சைஸ்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்கு நேர் எதிரே அவருடைய ஒற்றை அறை ஸ்டுடியோ இருந்தது. ஆளும் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு என்பதால், அந்தப் பெயர் தொழிலுக்காக வந்ததா உயரத்துக்காக வந்ததா என்று அவரே விசாரித்ததில்லை. இருபத்தாறு வருடமாக அவர் எடுத்தது முகங்களை மட்டுமே. கழுத்துக்குக் கீழே இரண்டாவது பொத்தான் வரை அவருக்கு அதிகாரம். அதற்கும் கீழே மனிதர்களுக்கு உடம்பு இருக்கிறது என்பது தொழில்முறையில் அவருக்குத் தெரியாத விஷயம்.

அறைக்குள் திருகினால் உயரும் முக்காலி ஒன்று. ஒருபுறம் வெள்ளை, மறுபுறம் நீலம் என்று திருப்பிப் போடுகிற திரை ஒன்று. குடை விளக்குகள் இரண்டு. அதில் ஒன்றின் கம்பி ஒடிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய சீப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டின் முதுகை அவர் மனைவி மேலிருந்து கீழ்வரை கத்தரித்து நாடா வைத்துத் தைத்திருந்தாள். பருத்தவர் வந்தால் நாடாவைத் தளர்த்துவாள். ஒல்லியானவர் வந்தால் துணி காயப்போடும் கிளிப் இரண்டை முதுகில் மாட்டுவாள். முன்பக்கம் எல்லோருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஊரில் பாதிப் பேர் ஆயுளில் ஒரே ஒரு தரம்தான் கோட்டுப் போட்டிருந்தார்கள். அது அந்தக் கோட்டுதான்.

கிடைத்துவிட்டவரின் மனைவி மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்கு வந்தார். கிழித்து எடுத்து வந்த சுவரொட்டியை மேசைமேல் விரித்து நான்கு மூலையையும் தடவிவிட்டார். அவர் கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, இது யாருன்னு சொல்லு."

"நம்ம டைம் கீப்பர் சார்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கீழே பேர் போட்டிருக்கே, அக்கா."

"பேரைக் கையால மூடிக்கிட்டுப் பாரு."

ஸ்டாம்ப்சைஸ் மூடிக்கொண்டு பார்த்தார். வங்கிக் காசாளராக இருக்கலாம். எதிர் அலுவலகத்துக் காவலாளியாகவும் இருக்கலாம். உற்றுப் பார்த்தால் தன்னுடைய மைத்துனரின் சாயல்கூட அடித்தது.

"அடையாளம்னு நான் என்ன எழுதிக் குடுத்தேன்? அதையும் படி."

"வலது கன்னத்தில் மிளகளவு மச்சம்."

"மச்சம் எங்கே?"

ஸ்டாம்ப்சைஸ் சுவரொட்டியின் மேல் குனிந்து தேடினார். பின்னால் உட்கார்ந்து படங்களை எட்டெட்டாக நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, கத்தரியை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"துடைச்சிருப்பாரு, அக்கா. மச்சம், மரு, தழும்பு ஒண்ணையும் விட மாட்டாரு. அதுக்குத் தனியா காசுகூட வாங்கறதில்ல."

"அழகா இருக்கட்டும்னுதான்…" என்றார் ஸ்டாம்ப்சைஸ்.

"அழகா இருக்காரு. யாருன்னுதான் தெரியல" என்றார் அக்கா.

சண்டை பிடிக்க அவர் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கணவர் முதலில் ஒரு மணி நேரம் காணாமல் போனார். அப்புறம் ஒரு மத்தியானம் முழுக்க. இப்போது மூன்று நாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிற ஞாபகம் இருந்தால்தான் மாத்திரை வேலை செய்யும்.

"மறுபடியும் போவாரு. அதுக்குள்ள அவரு அவரா இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடு. தெரியாம எடுக்கணும். தெரிஞ்சா நிமிர்ந்துடுவாரு. பையன் போன்ல எத்தனை எடுத்திருக்கான் பாரு."

பார்த்தார். நாற்பது படம். நாற்பதிலும் டைம் கீப்பர் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இழுத்த மூச்சை விடாமல், பதவி ஏற்கப் போகிறவர்போல் நின்றார். ஒரு படம் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது எடுத்தது. அதிலும் அப்படியே நின்றார்.

"போனைத் தூக்கினாலே தெரிஞ்சுடுது, தம்பி. உன் கேமராவோ குக்கர் மாதிரி இருக்கு. சின்னதா, சத்தமில்லாம ஏதாவது இருக்கும்ல?"

அன்று ஸ்டாம்ப்சைஸுக்கு வேலை ஓடவில்லை. பழைய பிரதிகள் கிடந்த அட்டைப் பெட்டியைத் திறந்து தரையில் கொட்டினார். இருபத்தாறு வருடத்து முகங்கள் மொசைக் போட்டதுபோல் பரவின. பெயர் தெரிந்த ஒரு முகத்தையாவது கண்டுபிடிக்க முயன்றார். ஐந்து பேரைச் சொன்னார். மனைவி படங்களைத் திருப்பிப் பெயரைப் பார்த்து ஐந்தும் தப்பு என்றாள். ஐந்தாவது அவளுடைய படம்.

"இது எந்த வருஷம்?" என்றார் அசடு வழிய.

"கல்யாணத்துக்கு அடுத்த வாரம். மூக்கோரத்தில ஒரு மச்சம் உண்டு எனக்கு. அதையும் காணோம்."

ஒடிந்த குடை விளக்குக்குப் பதில் புதிது வாங்க எடுத்துவைத்த பணம் மேசை இழுப்பறையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு காசு போகக் கூடாது என்ற நிபந்தனையோடு அதை எடுத்துக் கொடுத்தாள்.

பழைய கேமரா விற்கிற கடை, வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி ஏறியிருக்கும். யாராவது தலைக்கு மேல் மாடிப்படியில் நடந்தால் பேச்சை நிறுத்தி, தூசி விழுந்து முடிந்ததும் தொடர்வார்.

"தெருவில எடுக்கவா? நீங்களா, அண்ணே?" பூதக்கண்ணாடியை இறக்கி ஸ்டாம்ப்சைஸையே ஒருமுறை சோதித்துப் பார்த்தார். "தெருவில முக்காலி கிடையாதே."

"ஒரே ஒருத்தரைத்தான் எடுக்கணும். அவருக்குத் தெரியக் கூடாது."

"அப்போ தூரத்திலேர்ந்து எடுங்க." வெள்ளி நிறத்தில் கைக்கடக்கமான ஒன்றை எடுத்து நீட்டினார். "பாக்கப் பொடிசா இருக்கும். பொத்தானை அமுக்கினா மூக்கு நீளும். நாலு வீடு தள்ளி நின்னே மூக்குத்தியை எடுக்கலாம். ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா கொண்டாங்க."

அடமானமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டாம்ப்சைஸ் தெருவுக்கு வந்தார்.

சோதனைக்காக முதலில் தெருவையே எடுத்துப் பார்த்தார். பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் கொர்ரென்ற சத்தத்தோடு நீண்டது. மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், கவ்வியிருந்த கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு நேராக நின்றாள். பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். சைக்கிளில் போன தபால்காரர் ஓட்டிக்கொண்டே மோவாயை உயர்த்தினார். உயர்த்தியபடியே போய்க் குப்பைத் தொட்டியில் முட்டினார். விழுந்த பிறகும் முகம் லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

டைம் கீப்பரை டிப்போவுக்கு எதிர்ப்புற பெஞ்சில் பார்த்தார். ஓய்வு பெற்ற பின்னும் காலையில் அங்கே வந்து உட்கார்ந்து, வருகிற போகிற பஸ்களைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். நான்கு வீடு தள்ளி, தந்திக் கம்பத்தின் மறைவில் நின்று ஸ்டாம்ப்சைஸ் லென்ஸை நீட்டினார். முப்பது வருடம் தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைப் படித்துப் பழகிய கழுகுக் கண் டைம் கீப்பருக்கு. நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, இரும்புத் தூண்போல் நிமிர்ந்தார்.

மாலையில் மனைவி படங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தொரு படம்.

"வாக்காளர் பட்டியலே தயார் பண்ணிட்டீங்க" என்றாள்.

"கேமரா சரியில்ல. சத்தம் போடுது."

அடுத்தது கறுப்பு. நீளாத லென்ஸ். தெருவில் எடுக்கிறவர்கள் விரும்பி வாங்குவது இதைத்தான் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டும். சத்தத்தை முழுக்க அடைத்துவிடலாம். இருட்டில் குறி பார்க்க ஒரு சிவப்புப் பொட்டு எரியும். அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தார்.

இதில் வேறு விதமான தொல்லை. பொத்தானை அமுக்குவதற்கும் படம் விழுவதற்கும் நடுவில் இந்தக் கேமரா கொஞ்சம் யோசித்தது. அது யோசிக்கிற நேரத்துக்குள் ஜனங்கள் தலைவாரி, காலர் பொத்தானைப் போட்டு, எச்சில் தொட்டுப் புருவத்தையும் படிய வைத்துக்கொண்டார்கள். கடைவீதி முனையில் ஒருவரை எடுத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். உரிம அலுவலகமே தெருவில் முகாம் போட்டிருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்.

"வெள்ளையா நீலமா?" என்று கேட்டார் முன்னால் நின்றவர்.

"என்னது?"

"பின்னாடி பிடிக்கிற துணி. எங்க வீடு பக்கத்திலதான், போர்வை எடுத்துட்டு வந்துடறேன்."

வேண்டாம் என்பதற்குள் போர்வை வந்துவிட்டது. இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். தள்ளுவண்டிக்காரர் தன்னுடைய கோட்டை வாடகைக்கு விடத் தொடங்கினார். வரிசையின் கடைசியில் டைம் கீப்பரும் நின்றார். எதற்கு வரிசை என்று அவர் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவர் அல்லர் அவர். அவர் முறை வந்தது. போர்வைக்கு முன்னால் வந்து நின்றார். இன்னொரு முறை பதவி ஏற்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர் மறுபடி காணாமல் போனார். அரை நாள்தான். கிளம்பத் தயாராக நின்ற வெளியூர் பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தவரைப் பழைய நடத்துநர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து இறக்கிவிட்டார். பஸ் புறப்பட்டிருந்தால் நானூறு மைல். அக்கா ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று அதை மட்டும் சொன்னார். உள்ளே வரவில்லை. படம் என்னாயிற்று என்றும் கேட்கவில்லை.

"கேமரா சரியில்ல" என்றார் மனைவியிடம்.

"நாளைக்கு நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"கேமராவைப் பாக்கத்தான்."

மறுநாள் அவர் முன்னால் போக, அவள் காய்கறிப் பையோடு பத்தடி பின்னால் வந்தாள். அவர் செருப்புத் தைக்கிறவரை எடுத்தார். பூக்காரியை எடுத்தார். நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எடுத்தார். அந்த ஆள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து காதைக் காட்டினார். நாலாவது படத்துக்கு அவர் குறி பார்த்தபோது மனைவி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏங்க, நிறுத்துங்க. நீங்கதான் சொல்றீங்க!"

"என்ன சொல்றேன்?"

"நிமிருங்க. லேசா வலது பக்கம். அப்படியே அசையாதீங்க."

"யாரு சொன்னா?"

"நீங்க சொன்னீங்க. தெரு முழுக்கக் கேட்டுது."

"நானா? நான் வாயே திறக்கலையே."

நடுத்தெருவில் வாக்குவாதம் வேண்டாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்தாள். சமையலறையில் நிறுத்தி, கரண்டிகள் மாட்டியிருந்த கம்பியைக் காட்டி, இதை எடுங்கள் என்றாள். அவர் எடுத்தார்.

"நிமிருங்க" என்றார் கரண்டிகளிடம். "அப்படியே. அசையாதீங்க."

சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் காதில் விழுந்தது. பேயறைந்தவர்போல் நின்றார். மறுபடி அமுக்கினார். மறுபடி சொன்னார். விரலும் நாக்கும் ஒரே நரம்பில் மாட்டியிருப்பதுபோல், ஒன்றை இழுத்தால் இன்னொன்று வந்தது. ஐந்தாவது தரம் உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். மூக்கு வழியாகச் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி?"

"தூக்கத்திலகூடச் சொல்றீங்க. இருபது வருஷமா நான் நேராத்தான் படுத்திருக்கேன்."

பாவம் கேமராக்கள். ஸ்டாம்ப்சைஸ் கறுப்புக் கேமராவின் தலையைத் துடைத்து மேசைமேல் மரியாதையாக வைத்தார்.

அன்று முழுக்க வாயை அடைக்கிற ஆராய்ச்சி நடந்தது. கைக்குட்டை கட்டிப் பார்த்தார்கள். குரல் துணியைத் தாண்டி வந்தது. மிட்டாய் போட்டுப் பார்த்தார்கள், அமுக்கும்போது விழுங்கிவிட்டார். பென்சிலைக் கவ்வச் சொன்னாள். பென்சிலோடு சொன்னார், இன்னும் தெளிவாக இருந்தது. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, விழுங்காமல் வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அமுக்கினார். தொண்டைக்குள் ஏதோ களகளவென்றது. வெளியே ஒரு சொல்லும் வரவில்லை. கரண்டிகள் முதன்முதலாகத் தம்பாட்டுக்குத் தொங்கின.

"அடுத்தது, கண்ணுகிட்ட கொண்டு போகாம எடுக்கணும்" என்றாள் மனைவி. "நீங்க ஒரு கண்ணை மூடினாலே எல்லாரும் காலரைச் சரிபண்ணிக்கறாங்க."

கடைக்காரர் இந்தத் தேவையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு உதிரிப் பாகங்கள் போடுகிற தகர டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். சோப்புக் கட்டி அளவு இருந்தது. பின்பக்கத்துத் திரை வெடித்து, உள்ளே மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது.

"கண்ணுகிட்டக் கொண்டு போனாலும் ஒண்ணும் தெரியாது, அண்ணே. ஸ்க்ரீன் செத்துப் போச்சு. என்ன விழுந்திருக்குன்னு வீட்டுக்குப் போய்த்தான் பாக்கணும். ஆனா அமுக்கின உடனே விழும், யோசிக்காது. சத்தமும் கிடையாது."

"குறி பாக்கறது எப்படி?"

"லென்ஸை ரெண்டு எட்டு தூரத்துக்கு நிப்பாட்டி வெச்சுடறேன். ஆள் ரெண்டு எட்டுல நின்னா மயிரிழைகூடத் தெளிவா இருக்கும். ஒண்ணரை எட்டுல மங்கல். மூணு எட்டுல மங்கல்." மாடிப்படியில் யாரோ இறங்கினார்கள். தூசிக்காகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார், "இதை விக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு. பாதி விலை குடுங்க, போதும்."

ஸ்டாம்ப்சைஸ் சோதனைக்குக் கேட்கவில்லை. வாங்கிவிட்டார். கைக்கடிகாரத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் வீட்டில் பயிற்சி. கழுத்திலிருந்து நீள வாரில் கேமரா வயிற்றுக்கு நேரே தொங்கும். மடித்த செய்தித்தாள் அதைப் பாதி மறைத்திருக்கும். மனைவி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். இரண்டு எட்டு என்று கால் சொல்கிற இடத்தில் அவர் அமுக்க வேண்டும். முதல் நாள் சுவரும் மேற்கூரையும் அவளுடைய முழங்கையும்தான் விழுந்தன. இரண்டாம் நாள் அவள் முகம் விழுந்தது. எதையோ நினைத்துக்கொண்டு போகிற முகம். அதை அவர் நெடுநேரம் பார்த்தார். மூக்கோரத்தில் மச்சம் இருந்தது. இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் காலை வாய் நிறையத் தண்ணீரோடு படியிறங்கினார்.

"என்ன ஸ்டாம்ப்சைஸ், காலங்காத்தாலே எங்கே?" என்றார் அலுவலகக் காவலாளி. பதில் இல்லை. "ஓகோ, இப்ப நம்மகிட்டே எல்லாம் பேச்சு இல்லையா? சரி, சரி. பெரிய ஆளாயிட்டீங்க."

மருந்துக் கடைக்காரர் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பல்லா?" என்றார். தலையாட்டினார். "எந்தப் பக்கம்?" இரண்டு கன்னமும் உப்பியிருந்ததால் இரண்டு பக்கத்தையும் காட்ட வேண்டியதாயிற்று. மருந்துக் கடைக்காரர் உச்சுக் கொட்டினார்.

ஆனால் தெரு வேறு தெருவாக இருந்தது. யாரும் காதைக் காட்டவில்லை. பழக்கடைக்காரர் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தார். துணி காயப்போடுகிற பெண், கீழ்வீட்டுக்காரி பார்க்காத சமயம் அவளுடைய கொடியில் தன் துணியை நகர்த்திப் போட்டாள். தபால்காரர் ஒரு கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே என்ன என்று பார்த்தார். எல்லோருக்கும் இடுப்பும் காலும் இருந்தன. ஸ்டாம்ப்சைஸுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது. ஆனாலும் அமுக்கினார், வாய்க்குள் களகளத்துக்கொண்டு.

டைம் கீப்பர் பெஞ்சில் இருந்தார். ஸ்டாம்ப்சைஸ் இரண்டு எட்டில் போய் நின்றார். அவரைக் கண்டதும் டைம் கீப்பரின் முதுகு பழக்கத்தில் நிமிரப் பார்த்தது. பாதியிலேயே நின்றது. கண் கன்னத்துக்குப் போயிருந்தது.

"என்னப்பா இது, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

ஸ்டாம்ப்சைஸ் தலையாட்டினார்.

"பல்லா? ஈறா? டாக்டர்கிட்டே போனியா? வாயைத் திறக்க முடியலையா?" எழுந்து வந்துவிட்டார். ஒன்றரை எட்டு. மங்கல். ஸ்டாம்ப்சைஸ் ஓரடி பின்னால் போனார். "பயப்படாதே, பாக்கத்தான் வரேன்." அவர் ஓரடி முன்னால் வந்தார். இவர் ஓரடி பின்னால் போனார். இருவரும் நடைபாதையில் இப்படியே நடனம்போல் நகர்ந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற நான்கு பேர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கடைசியில் நிறுத்தத்துக் கம்பம் ஸ்டாம்ப்சைஸின் முதுகில் இடித்தது. இனிப் பின்னால் இடமில்லை. டைம் கீப்பரும் நின்றார். வலிக்கிறவனை நெருக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு எட்டு. நின்ற இடத்திலிருந்தே இடுப்பை வளைத்துக் குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரு புருவத்தை ஏற்றி, ஒரு கையைப் பாதி நீட்டி, தன் வாயைத் தானே கொஞ்சம் திறந்துகொண்டு சொன்னார்:

"எங்கே, ஆ காட்டு."

ஸ்டாம்ப்சைஸ் அமுக்கினார். பிறகு ஆ காட்டினார். தண்ணீர் முழுக்க டைம் கீப்பரின் ஷூவில் கொட்டியது.

"அட கடவுளே!" என்று துள்ளினார் டைம் கீப்பர். "இவ்வளவு சீழை வெச்சுக்கிட்டா நடமாடறே?"

அன்று மாலை அக்காவுக்குப் படத்தைக் காட்டினார்கள். ஓரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூலையில் செய்தித்தாளின் நுனி விழுந்திருந்தது. காது ஒன்றுதான் தெரிந்தது. மச்சம் பளிச்சென்று இருந்தது. ஸ்டாம்ப்சைஸ் தன் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அதைத் துடைக்காமல் காப்பாற்றியிருந்தார்.

அக்கா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார்.

"சரியா வரலையோ?" என்றார் ஸ்டாம்ப்சைஸ்.

"சண்டை போட்டுட்டு நான் பேசாம சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவேன். அப்ப இப்படித்தான் குனிஞ்சு பாப்பாரு. தூங்கறேனா, நடிக்கிறேனான்னு." படத்தைக் கைப்பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "ஒரு பத்து பிரதி போட்டுக் குடு."

மூன்று வாரம் கழித்து டைம் கீப்பர் மறுபடி காணாமல் போனார். காலை எட்டு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் பெஞ்சுக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு அக்கா வந்தார். பத்தரைக்குள் ஸ்டாம்ப்சைஸும் மனைவியும் சுவரொட்டி அடித்து, பஸ் ஓட்டுநர்களிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்து, போகிற இடமெல்லாம் ஒட்டச் சொல்லிவிட்டார்கள். பிறகு மூவரும் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஆயிற்று. படம் எடுக்க வந்த இருவரை மனைவி நாளைக்கு வரச் சொன்னாள். ஸ்டாம்ப்சைஸ் ஒடிந்த குடைக் கம்பியை நேராக்கினார், விட்டார், அது சாய்ந்தது, மறுபடி நேராக்கினார்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. ஊரின் மறுகோடியில் துணி வெளுத்து இஸ்திரி போடுகிற கடையிலிருந்து ஒரு பெண்.

"உங்க ஆளு இங்கேதான் இருக்காரு. விடமாட்டேன், வாங்க."

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கடைக்குள் ஆவியும் சூடும் அடித்தது. டைம் கீப்பர் மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரி நெற்றியில் ஈரத் துணி கட்டியிருந்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார் அக்கா.

"எங்கே கண்டுபிடிச்சேன்? தலைவலி மண்டையைப் பிளக்குதுன்னு இப்படித் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரோட்ல போனவரு நின்னு, குனிஞ்சு, என்னம்மா ஆச்சுன்னு பாத்தாரு. நிமிந்து பாக்கறேன், சுவத்தில மத்தியானம் ஒட்டிட்டுப் போன மூஞ்சி! அச்சு அசல்! இறங்கி வந்து கேக்கற மாதிரி இருந்துது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

டைம் கீப்பர் சுவரைப் பார்த்தார். தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிட்டே போனார்.

"இது யாரு?"

"நீங்கதான்" என்றார் அக்கா.

"நானா? நான் என்ன இப்படிக் கூனியா நிக்கறேன்? ஒரு புருவம் மேலே, ஒண்ணு கீழே. வாயை வேற பிளந்துக்கிட்டு." ஸ்டாம்ப்சைஸிடம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ எடுத்த படம் ஒண்ணு இருந்துதே, கோட்டோட. அது எவ்வளவு நல்லா இருந்துது. அதைப் போட்டிருக்கக் கூடாதா?"

ஸ்டாம்ப்சைஸ் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"அந்தக் கோட்டுப் போட்டவரைத் தேடிக்கிட்டு நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணும்?" என்றார் அக்கா. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "அவரு யாரோ. சட்டையை உள்ளே விடுங்க, போகலாம்."

டைம் கீப்பர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். மனத்தாங்கல் போகவில்லை, வாசல் வரை போய்த் திரும்பி ஒரு தரம் சுவரை முறைத்துவிட்டுத்தான் இறங்கினார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்திருந்தார்.

ஸ்டாம்ப்சைஸ் பின்தங்கி, சுவரொட்டியின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினார்.

"அதை ஏன் கிழிக்கறீங்க?" என்றாள் கடைக்காரி.

"ஆள்தான் கிடைச்சாச்சே."

"இருந்துட்டுப் போகட்டுமே. இந்தச் சூட்டில எனக்குத் தினம் தலைவலி. கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

அவர் நெம்பிய மூலையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார்.